நூல் விட்ட தயிர்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை ஸ்டெல்லாவிடம் தோற்றேன். தோற்றவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, பாருங்கள்.

ஸ்டெல்லா கடலூர் செம்மண்டலத்தில், வீட்டுப் பின்கட்டில் தயிர் போடுகிறாள். காலை பஸ்ஸில் ஏற்றினால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸுக்குப் போய்விடும். கடலூரில் கத்தியால் வெட்டலாம் போலிருக்கிற தயிர், சிதம்பரம் சேர்வதற்குள் குலுங்கி உடைந்து, மேலே தண்ணீர் நிற்கும்.

மெஸ்காரர் போனில் பொறுமையாகத்தான் சொன்னார். "அக்கா, தயிரு கேட்டா மோரு அனுப்புறீங்க. இன்னொரு வாட்டி இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்குறேன்."

அவளுக்கு இருக்கும் ஒரே பெரிய வாடிக்கை அது.

நான் பால் பண்ணையில் முப்பது வருடம் தரம் பார்த்தவன். தெர்மாமீட்டரோடு போய் இறங்கினேன். பால் காய்ச்சும் சூடு, உறை ஊற்றும் சூடு, உறையும் நேரம்... எல்லாமே சரி. இதற்குள் அவளாகவே விசாரித்து, பாலில் உறை ஊற்ற, கடையில் விற்கும் புது உறைப்பொடி பாக்கெட் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

அதில் போட்ட முதல் தயிர் உறைந்தது. கரண்டியால் தூக்கினால் — நூல்!

"கெட்டுப்போச்சு, கொட்டு" என்றேன். நூல் விட்டால் நிராகரி; அதுதான் விதி. சர்வீசில் எத்தனை கேன் கொட்டவைத்திருப்பேன்!

அவள் முகர்ந்தாள். ருசி பார்த்தாள். "பாக்கெட்டுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சியாண்ணே?"

படிக்கவில்லை. விதி தெரிந்தவன் எதற்குப் படிக்க வேண்டும்?

அவளே படித்துக் காட்டினாள். இந்த உறையில் இருக்கும் பாக்டீரியா பாலைப் புளிக்க வைப்பதோடு, பசை மாதிரி ஒன்றையும் நூற்குமாம். அந்தப் பசைதான் தண்ணீரைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். லேசாக நூல் வருவது இயல்பு. கெட்ட கிருமியாக இருந்தால் வாடையோ ருசியோ காட்டிக்கொடுத்திருக்கும் என்றாள்.

ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த கப்புகளோடு மறுநாள் அவளே பஸ் ஏறினாள். நானும் போனேன் — தண்ணீர் பிரிவதைக் கண்ணால் பார்க்கத்தான், வேறெதற்கு?

மெஸ்காரர் மூடியைத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. கப்பைக் கவிழ்த்தார். தயிர் அசையவில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டு, இன்னா பண்ணீங்க என்று கேட்டார்.

"எங்க அண்ணன் கொட்டச் சொன்ன தயிருங்க இது" என்றாள் ஸ்டெல்லா.

தினமும் அனுப்பச் சொல்லிவிட்டார். எனக்கு மார்பு விம்மியது. என் சர்வீசில் எந்தச் சான்றிதழுக்கும் இப்படி விம்மியதில்லை.

கெட்டது என்று நாம் கொட்டியதில் எவ்வளவு, படித்துப் பார்க்காமலே கொட்டியதோ?

திரும்பும் பஸ்ஸில் அந்த பாக்கெட்டை இரண்டு தடவை படித்தேன்... கண்ணாடி போட்டுக்கொண்டு.