நடுங்கிய மானிட்டரும் கோணல் கூடமும்

விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் எங்கள் வீட்டுக் கூடத்தில் முதலில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்து, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். அப்புறம் சூடேறிய தூசியின் வாசனைக்கு நடுவே கம்ப்யூட்டர் திரை நடுங்கத் தொடங்கும். எழுத்துகள் எல்லாம் மார்கழிக் காலையில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள்போல வெடவெடக்கும். சிறிது நேரம் பார்த்தாலே நெற்றிப்பொட்டு வலிக்கும். எனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மனையில் வீடும் அடுத்த மனையில் முள்ளுமாக இருந்த நகர் எங்களுடையது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே "லோ வோல்டேஜ்" என்பது வெயில், மழைபோல ஒரு பருவநிலை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் டிவியும் ஓட ஆரம்பித்ததும் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், மின்விசிறி சோம்பல் முறிக்கும். அதனால் எந்த மின்சாமான் வாங்கினாலும் அதற்குத் துணையாக ஒரு ஸ்டெபிலைசரும் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்த கையோடு, தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் கனத்தில் ஓர் இரும்புப்பெட்டி ஸ்டெபிலைசரையும் வாங்கி வந்து, மானிட்டரின் விலாவோடு ஒட்டி வைத்தார். அம்மா இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூப்போட்ட கவர் தைத்தாள். ஆயுத பூஜையன்று இரண்டுக்கும் சந்தனப் பொட்டு.

நடுக்கத்துக்குக் காரணம் நான்தான் என்று குடும்பமே முடிவுகட்டியிருந்தது. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார்கள். குரோம்பேட்டையிலிருந்து பெரியப்பா மகன் பிரபு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வந்து கேம்ஸ் விளையாடுவான். அவன் பொத்தேரியில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். அவன் உட்கார்ந்தால் திரை சிலைபோல நிற்கும். கடைக்காரர் அனுப்பிய சர்வீஸ் ஆளும் பகலில் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கீது சார்" என்று போய்விட்டார். நான் மட்டும் டைப்பிங் கிளாஸ் முடிந்து சாயங்காலம்தான் உட்கார்வேன், திரை நடுங்கும்.

"பொட்டப்புள்ள நோண்டி நோண்டியே கெடுத்துட்டாடா. எங்க வீட்டுல இருந்தா பிரபு ஒழுங்கா வச்சுப்பான்" என்றார் பெரியப்பா. நான் எதுவும் செய்யவில்லை, வேறு ஏதோ கோளாறு என்று சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைக் குரோம்பேட்டைக்கு எடுத்துப் போவதென்று அங்கேயே பேசி முடித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கெடுத்தவள் என்று பெயர் வாங்கியாயிற்று, இனி நோண்டினால்தான் என்ன என்று இறங்கினேன். மானிட்டர் ஒயரைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து, திருகை இறுக்கி மாட்டினேன்; நடுங்கியது. திரை புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டிவைத்தேன். நடுக்கத்தின் தினுசு மாறியதே தவிர நிற்கவில்லை. வேறு பிளக்கில் சொருகியும் அதே கதை. தலைவலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில்தான், கண் செய்யாத வேலையைக் காது செய்தது. "டொக்" என்று கேட்டு உறுமல் நின்றது. கண்ணைத் திறந்தேன், திரை அசையாமல் நின்றது. மறுபடியும் "டொக்", மறுபடியும் உறுமல், மறுபடியும் வெடவெடப்பு. இரண்டு சத்தமும் ஸ்டெபிலைசரிலிருந்துதான் வந்தன.

ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் காந்தத்தால் நிறம் கலங்கும் என்று எனக்குத் தெரியும். இந்த இரும்புப்பெட்டிக்குள்ளும் கம்பிச்சுருள் இருக்கிறதே, வோல்டேஜ் குறைந்து அது மூச்சைப் பிடித்து வேலை செய்யும்போது அதுவும் ஒரு காந்தம்தானே என்று தோன்றியது. பெட்டியைக் கட்டிப்பிடித்து இறக்கி, ஒயர் எட்டும் தூரத்துக்குத் தரையில் தள்ளினேன். உறுமல் இருந்தது, நடுக்கம் இல்லை. பகலில் வோல்டேஜ் சரியாக இருந்ததால் பெட்டிக்கு வேலையில்லை. பிரபுவின் கைராசி அவ்வளவுதான். கம்ப்யூட்டரைக் காப்பாற்றவென்று ஒட்டவைத்த பெட்டியே அதை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்தாச்சும்மா. இப்ப மாத்திப் பேச முடியாது" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, வரட்டும் என்று காத்திருந்தேன்.

பெரியப்பா எதையும் ராகு காலத்தில் செய்யமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிய ஆறு மணி ஆகும் என்பதால், ஐந்து மணிக்கே வந்திருக்க வேண்டியவர் நல்ல நேரம் பார்த்து, ஊரே மோட்டார் போடுகிற நேரத்தில், நைலான் கயிற்றோடும் பிரபுவோடும் வந்து இறங்கினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"பிரபு அண்ணா, கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாத்துக்கோங்க" என்றேன். அவன் உட்கார்ந்தான். "டொக்". திரை வெடவெடத்தது. அவன் ஒயரை ஆட்டினான், தட்டினான். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, இப்ப யாரு கை பட்டுச்சு?"

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு" என்றார் அப்பா. நான் பெட்டியை இறக்கித் தள்ளினேன்; எழுத்துகள் நின்றன. தூக்கிப் பக்கத்தில் வைத்தேன், நடுங்கின. அவர்கள் போதும் என்று சொல்லும்வரை விடவில்லை. கூடம் சில சமயம் நிஜமாகவே கோணலாகத்தான் இருக்கும் என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்ற வீம்பு.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரி, கோளாறு தெரிஞ்சுடுச்சு இல்ல? கட்டுடா பிரபு" என்றார்.

மானிட்டரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். "நடுங்குதுன்னுதானே கொண்டு போறதா சொன்னீங்க. இப்ப நடுங்கல. இது எங்கயும் வராது." குரல்தான் நடுங்கியது, கையை எடுக்கவில்லை.

அப்பா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரபுவின் கையிலிருந்த கயிற்றை வாங்கி, நிதானமாகச் சுற்றி, பெரியப்பாவிடமே நீட்டினார். "அண்ணா, வேணும்னா அந்த ஸ்டெபிலைசரை எடுத்துட்டுப் போங்க" என்றார். மறுநாள் அம்மா அந்தப் பூப்போட்ட கவரை நடுவில் வெட்டி இரண்டாகத் தைத்தாள்.

பெட்டி பெட்டியாக இருந்த அந்த மானிட்டர்கள் இன்று எங்கும் இல்லை. எங்கள் நகரில் முள் மனைகளும் இல்லை, சிமிட்டுகிற டியூப்லைட்டும் இல்லை. நான் குரூப் எடுத்து, படித்து, கம்ப்யூட்டர் வேலையிலேயே காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் குன்றத்தூர் கோயிலில் பிரபுவின் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் பெரியப்பா பக்கத்து இலைக்காரரிடம், "இவங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஆடிக்கிட்டே இருக்கும். எங்க பிரபு போய் ஒரே நிமிஷத்துல சரி பண்ணான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரபு மட்டும் தலையைக் குனிந்து பாயசத்தைப் பார்த்தான்.

"இல்ல பெரியப்பா, நான்தான் பண்ணேன்" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

"அட, பழைய கதை. யாரு பண்ணா என்னம்மா இப்போ?"

"யாரு பண்ணா என்னன்னா, நான் பண்ணேன்னே சொல்லுங்க."