வெத்தியா பெயர்த்த சாலைக்கல்

எங்கள் தெருவில் வெத்தியாவைப் போல் யாரும் எரிந்து விழுந்ததில்லை. அவளுக்கு இருந்த அளவு காரணமும் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

ரோமில், சுபூராப் பகுதியில், ஐந்தாம் மாடியில் கூரையை ஒட்டிய அறை அவளுடையது. கம்பளி நூற்றுப் பிழைத்தாள். கணவன் சிலோ கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், ஆறு வருடமாகக் கட்டிலே கதி. அவனைத் துடைத்துவிட, துணி அலச, நாளைக்கு ஆறு குடம் தண்ணீராவது வேண்டும். அத்தனையும் அவள் தோளில்தான் மேலேறும். கீழ்த்தளத்தில் செருப்புத் தைக்கும் நான் அவள் மூச்சிரைப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன்.

அந்தக் கோடையில் தெருமுனைக் குழாய் நின்றுபோனது. முதலில் நூலாக ஒழுகியது, பிறகு அதுவும் இல்லை. அடுத்த குழாய் மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும்.

எங்கள் பகுதித் தண்ணீர் மேஸ்திரி கவியஸைப் பிடித்துக் கேட்டாள்.

"மலையில ஊத்தே வத்திப்போச்சும்மா. நான் என்ன, அழுது ரொப்பட்டுமா?" என்றான்.

"ஊத்து வத்திப்போச்சுன்னா அந்தப் பணக்காரன் பக்கூவியஸோட குளியல்கூடத்துல மட்டும் எப்படிய்யா வாசல்வரைக்கும் வழியுது? அந்தாளு வேர்வையா அது?"

கவியஸ் நடையைக் கட்டினான். அவள் நீர் அலுவலகத்துக்கு நடந்தாள். ஒரு நாள் திருவிழா என்று பூட்டியிருந்தார்கள். மறுமுறை சகுனம் சரியில்லையாம், மனு வாங்கமாட்டார்களாம். மூன்றாம் முறை எழுத்தர் தலையே நிமிராமல் சொன்னான்: "ஆம்பள யாராவது வந்து சொல்லணும்."

"என் ஆம்பள கட்டில்ல கெடக்காரு. கட்டிலோட தூக்கிட்டு வரட்டா?"

"அது உங்க இஷ்டம்மா."

அன்று அவள் குடம் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு மேலே போயிருந்தேன். "என்னடி சொன்னானுங்க?" என்றான் சிலோ.

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னானுங்க."

"அப்படியா? என் நல்ல அங்கியை எடு."

வெத்தியா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழவும் செய்தாள்.

சிலோ கேட்டான்: "குளியல்கூடத்துக்குப் போற வழியில, இந்த வெயில்லயும் காயாம ஏதாவது கல்லு ஈரமா இருக்கா?"

"இருக்கு. நம்ம ஜன்னலுக்குக் கீழ, ரொட்டிக்கடைக்கு எதிர்ல."

"கட்டிலுக்குக் கீழ என் கடப்பாரை இருக்கு. நடுவுல குத்தாத, மூலையில குடுத்து நெம்பு."

மறுநாள், சந்தைக் கூட்டம் நெரியும் வேளையில், வெத்தியா அந்தக் கல்லை நெம்பினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் வந்து கைகொடுத்தாள். கல் புரண்டதும் கீழே புத்தம் புதிய ஈயக்குழாய் தெரிந்தது. இணைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

கவியஸ் ஓடிவந்தான். "ஏய் கெழவி! அரசாங்கச் சாலை இது!"

"அரசாங்கத் தண்ணிடா இது!" என்று கத்தியவள், என் பக்கம் திரும்பினாள். "யோவ், உனக்கு எழுத்துத் தெரியும்ல? குழாய்மேல என்னமோ பொறிச்சிருக்கான் பாரு. படிய்யா!"

குனிந்து படித்தேன். திருட்டுக் குழாயில், அழகான பெரிய எழுத்தில், பக்கூவியஸ் தன் பெயரையே பொறித்து வைத்திருந்தான்! தெரு முழுக்கச் சிரித்த சிரிப்பில் கவியஸ் எப்போது நழுவினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். நீர் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி முதலில் விசாரித்தது வெத்தியாவைத்தான். "சாலையை யாரைக் கேட்டுப் பெயர்த்தாய்?"

"குழாய் போட்டவன் யாரைக் கேட்டானோ, அவரைத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. பெயர்த்த கல்லை அவளே பழையபடி பதித்துத் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பக்கூவியஸ் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றான், அதை நம்பினார்கள். கவியஸை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், அங்கிருப்பவர்கள் பாவம். ஆனால் திருட்டுக் குழாயை வெட்டினார்கள். சாயங்காலமே தெருமுனையில் தண்ணீர் கொட்டியது. ஒரு மாதம் கழித்து அங்கே ஒரு பலகை வைத்தார்கள். தண்ணீர் தந்தவர் என்று அதிகாரியின் பெயர் அதில் இருந்தது.

கல் பதிக்கும் நாளில் நாங்கள் நான்கு பேர் சிலோவைக் கட்டிலோடு ஜன்னலோரம் நகர்த்தினோம். வெத்தியாவும் ரொட்டிக்கடைக்காரியும் கீழே கல்லோடு மல்லுக்கட்ட, அவன் மேலேயிருந்து அதட்டினான்.

"இடது பக்கம் சாஞ்சிருக்குடி! எடுத்துட்டு மறுபடி வை!"

"மூணு தடவை வச்சாச்சு! எறங்கி வந்து நீயே வையேன்!"

"மணல் போட்டியா?"

"உன் தலையில போடுறேன்!"

சிலோவின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவனின் முகம் அது. நான்காவது தடவையும் கல்லை எடுக்கச் சொன்னான். அவளும் திட்டிக்கொண்டே எடுத்தாள்.