முட்டை அட்டையில் முப்பத்தெட்டுப் பேர்

பொத்தான்களை அடுக்கி முடிக்கும்வரை பர்சென்ட் அக்கா யாருக்கும் பதில் வணக்கம் சொல்வதில்லை. காலை ஒன்பது மணிக்கு இரண்டு முட்டை அட்டைகளை மேசைமேல் வைப்பார். குழிக்கு ஒரு பொத்தான். வகுப்புக்கு வந்தவர் குழியில், வராதவர் டப்பா மூடியில். நூலகத்துக்குப் பின்னால் இரண்டே அறைகளில் நடக்கும் ஓர் அரசுப் பள்ளியின் எழுத்தர் அவர்; எதற்கும் சதவீதக் கணக்குச் சொல்வதால் வந்த பெயர் அது. மொத்தம் முப்பத்தெட்டு மாணவர்கள். சேரும் நாளில் ஆளுக்கொரு சட்டைப் பொத்தான் கொடுக்க வேண்டும் என்பது எந்த அரசாணையிலும் இல்லாத, அக்காவே போட்ட சட்டம்.

"பேர்னா கண்ணு பாட்டுக்கு ஓடிடும். பொத்தானை விரலால தொட்டு வைக்கணும்ல, அப்பதான் மூஞ்சி ஞாபகம் வரும்."

அவருடைய கைப்பையின் பொத்தான் அறுந்து மூன்று வருடமாகிறது; ஊக்குதான் பூட்டு. இவ்வளவு பொத்தான் இருக்கிறதே, ஒன்றைத் தைத்துக்கொள்ளக் கூடாதா என்று தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டுவிட்டார். "அதெல்லாம் ஆளுங்க சார்" என்றார் அக்கா.

ஆட்களும் அப்படிப்பட்டவர்கள்தான். மற்ற பள்ளிகள் கதவைச் சாத்திய பிறகு இங்கே வருபவர்கள். பதினான்கு வயதில் ஒருத்தி, நாற்பத்தாறு வயதில் ஒருவர். பஞ்சர் கடை, முடிதிருத்தும் கடை, மீன் கூடை, கைக்குழந்தை என்று ஆளுக்கொரு பாரம். ஒரு தாயும் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த அம்மா ஒரே சட்டையிலிருந்து இரண்டு பொத்தான்களை வெட்டிக் கொடுத்துவிட்டதால், மகனுடையதில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார் அக்கா.

ஆண்டுதோறும் கல்வித் துறைக்கு ஒரு படிவம் போக வேண்டும். ஆண், பெண், வயது, வீட்டு மொழி, பெற்றோர் தொழில், ஒவ்வொரு பிரிவிலும் தேர்ச்சி எத்தனை சதவீதம். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவு என்றால், ஆள் அடையாளம் தெரியாமலிருக்க எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுவார்கள். இந்தப் பள்ளியை இத்தனை கூறாகப் பிரித்தால் எந்தப் பிரிவில் பத்து தேறும்? அறிக்கை மேலிருந்து கீழ்வரை மினுங்கியது.

"என்னம்மா இது, பள்ளிக்கூடமா வானமா?" என்று அதிகாரி தொலைபேசியில் கேட்டார்.

"வானம்னே வச்சுக்குங்க சார். எண்ணிப் பாத்தா முப்பத்தெட்டும் இருக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை. இறுதித் தேர்வில் அறுபது சதவீதம் வராவிட்டால் பள்ளியை மூடி, எதிர்த்தெருப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்றார். எந்தப் பெரிய பள்ளி? 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று வாசலில் பலகை மாட்டி, தேறமாட்டார் என்று தோன்றுபவரையெல்லாம் தேர்வுக்கு முன்னால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து இங்கே அனுப்பிவைக்கும் பள்ளி. "அவங்க நூறு சதவீதம் எங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கு" என்பது அக்கா பல வருடமாகச் சொல்லிவரும் வாக்கியம்.

தேர்வு எழுதியவர்கள் இருபது பேர். ஆளுக்கு ஐந்து சதவீதம். முடிவு வந்த காலையில் அக்கா பொத்தான்களை நகர்த்தினார். தாய் பாஸ், மகன் பெயில். "வீட்ல அம்பது சதவீதம்!" என்று அந்த அம்மா மகன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சிரித்தார். பதினோராவது பொத்தானோடு அக்காவின் விரல் நின்றது. ஐம்பத்தைந்து.

தலைமையாசிரியர் நாற்காலியில் சரிந்தார். "போச்சு. பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு துறையின் சுற்றறிக்கையை எடுத்தார். முதல் பக்கத்தோடு மற்றவர்கள் மடித்து வைத்துவிடும் காகிதத்தை, அச்சகத்தின் பெயர்வரை வாசிப்பவர் அவர். ஆறாம் பக்கம், பொடி எழுத்து: தேர்வுக்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள் பள்ளி மாறியவரின் முடிவு, அவர் விட்டுவந்த பள்ளியின் கணக்கில் சேரும்.

அப்படி வந்தவர்கள் நாலு பேர். நாலும் பெரிய பள்ளியின் அன்பளிப்பு. அக்கா மூன்று பொத்தான்களைச் சட்டென்று எடுத்துவிட்டார். நாலாவது, மேல்கோட்டுக்குத் தைக்கும் பெரிய மஞ்சள் பொத்தான். அதில் வைத்த விரலை மட்டும் எடுத்துக்கொண்டார். 'தேற வாய்ப்பில்லை' என்று பெரிய பள்ளி எழுதி அனுப்பிய பெண் அவள். நாற்பது நாள் இங்கே படித்து, அறிவியலில் எழுபத்தொன்று வாங்கியிருந்தாள்.

"அந்தப் பொண்ணை மட்டும் நம்மகிட்டயே வச்சுக்கலாமே" என்றார் தலைமையாசிரியர், குரலைத் தாழ்த்தி.

"பாஸானா நம்ம பிள்ளை, பெயிலானா அவங்க பிள்ளையா சார்? இத்தனை வருஷமா அவங்க செஞ்சதும் இதைத்தானே?"

மஞ்சள் பொத்தானையும் எடுத்துத் தனியே வைத்தார். பதினாறில் பத்து. அறுபத்திரண்டரை. தலைமையாசிரியர் மூன்று முறை கணக்குப் போட்டார். மூன்று முறையும் பள்ளி பிழைத்தது. நாலாவது முறை போடும்போது கணக்கை மறந்து, தாளைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் ஓடினார். பஞ்சர் கடைக்காரர் பெஞ்சைத் தட்டினார். கைக்குழந்தை விழித்துக்கொண்டு தானும் சேர்ந்து கத்தியது.

பெரிய பள்ளியின் எழுத்தர் தொலைபேசியில் அழாத குறை. "அக்கா, எங்க நூறு போயிடும்க்கா. பலகையெல்லாம் மாட்டியாச்சு."

"பலகைதானேப்பா. தொண்ணூத்தெட்டரைன்னு மாத்தி எழுதிக்க, இடம் இருக்கும்."

"அப்ப அந்தப் பெயிலான மூணு பேரு? எங்ககிட்ட அனுப்பிடாதீங்கக்கா."

"யார் அனுப்பறா? படிப்பு இங்க, கணக்கு அங்க. மறுதேர்வுக்கு நாளைலேர்ந்து வகுப்பு."

மூன்று பொத்தான்களும் திரும்ப அட்டைக்குப் போயின. தேறிப்போனவளுக்கு இனி இங்கே குழி இல்லை. துறைக் கணக்கிலும் அவள் அந்தப் பள்ளிக்காரி. அக்கா படிவத்தில் முத்திரை குத்தி உறையை ஒட்டினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, கைப்பையின் ஊக்கைக் கழற்றிப்போட்டுவிட்டு, மஞ்சள் பொத்தானைத் தைக்க உட்கார்ந்தார்.