ரோஸ்லின் எழுதிய ஒரு பக்கம்

ஜெகதாப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே டீசலும் கருவாடும் சேர்ந்த வாடை வந்துவிடும்... அங்கேதான் டீச்சராக எனக்கு முதல் போஸ்டிங். விராலிமலைக்காரி நான். கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மீன்குழம்போடு சரி.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் அட்மிஷனுக்குத் தன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். 'மாணவர் தானே எழுதியது' என்று டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் வந்த ஆறு கட்டுரையிலும் தாத்தா ஹார்ட் அட்டாக்கில் செத்திருந்தார்! ஆறு பேரும் அதனால்தான் டாக்டராகப் போகிறார்களாம். பிரவுசிங் சென்டரில் பேரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தத் தாளைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்.

அப்போதுதான் ரோஸ்லின் வந்தாள். விசைப்படகில் போகிறவரின் மகள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவள் தாளை ரெண்டு தடவை படித்தேன்... புதன்கிழமை கடலுக்குப் போன அப்பா, வியாழன் காலையில் மற்ற போட்டெல்லாம் திரும்பியும் வரவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் விடுதலையாகி வரும்வரை அம்மா தினமும் அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

இந்தப் பிள்ளையா இப்படி எழுதும்?

அதில் ஒரு வரி. "அப்பா வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போவார்." ஆகா, மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். மீன் பிடிக்கிறவர் தினமும்தானே போவார்? கடலையே பார்க்காத எவனோ டவுனில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறான்!

"உண்மையச் சொல்லு. யாரு எழுதிக் குடுத்தா?"

தலை குனிந்து நின்றாள். "அம்மா இதெல்லாம் எழுத வேணாம்னுதான் சொல்லுச்சு டீச்சர்... நாந்தான் கேக்கல."

அதையும் சமாளிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். "இதுக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது. வேற எழுதிட்டு வா."

மறுநாளே கொண்டுவந்தாள். கலெக்டராகி நாட்டுக்குச் சேவை செய்வாளாம். உப்புச்சப்பில்லாத கட்டுரை. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

சீட் கிடைக்கவில்லை.

ரெண்டு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மீன் வாங்கத் துறைமுகம் போனேன். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் "என்னங்க, ஸ்ட்ரைக்கா?" என்றேன்.

அவர் சிரித்தார். "இதுகளுக்கு திங்க, புதன், சனி மூணு நாளுதாங்க கடலுக்குப் போக டோக்கன் குடுப்பாங்க. இதுகூடத் தெரியாமயா இந்த ஊர்ல வேல பாக்குறீங்க?"

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே என்று என்னையே திட்டிக்கொண்டு, மீன் வாங்காமலே திரும்பினேன்.

இப்போது கீரமங்கலம் பக்கம் வேலை. பிள்ளைகள் செல்போனிடமே கட்டுரை எழுதி வாங்கி வருகிறார்கள். ரெண்டு வரியில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஒன்றும் கேட்பதில்லை... கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கேட்கிற தைரியம் போய்விட்டது.

போன மாசம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ரோஸ்லினைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று ஓடி வந்தவள், பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பாவப் பத்தி எழுதுனதுல என்ன தப்பு டீச்சர்?"

"பஸ்ஸு வந்துருச்சும்மா, வாரேன்" என்று ஏறிவிட்டேன்.

தப்பு உன்மேல் இல்லை ரோஸ்லின், என்மேல்தான். இதை இங்கே எழுதுகிறேன்... அவள் ஃபேஸ்புக்கில் இல்லை என்று நன்றாகத் தேடிப் பார்த்த பிறகுதான்.