ஆடியில் வீடு தேடி: திருச்சியில் மூன்று நாள், நான்கு பகுதி

ஜூலை கடைசியில் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. அக்டோபர் முதல் வாரம் கன்டோன்மென்ட் கிளையில் சேர வேண்டும். என் கணவர் செந்திலுக்கு லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் எந்த ஊரும் சொந்த ஊர். மகள் கயலுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அவள் காலாண்டுத் தேர்வை இங்கே ஓசூரில் எழுதி முடித்ததும் கிளம்புவதாகத் திட்டம். அதற்கு முன் வீடு பார்த்து வைக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அதற்காகவே திருச்சி போய் வந்தோம். குடும்பத்தோடு அங்கே மாறப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வீட்டை ஏன் போனிலேயே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். சூடு கண்ட பூனை நான். இரண்டு வருடம் முன்பு ஓசூருக்கு வந்தபோது போட்டோ பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நீச்சல் குளம், ஜிம், வாசலில் காவலாளி, எல்லாம் இருந்தது. ஊருக்கு வெளியே பதினோரு கிலோமீட்டர் என்பதுதான் போட்டோவில் தெரியவில்லை. கயல் வயதில் அங்கே இரண்டே பிள்ளைகள். இருவரும் டியூஷன் முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும். குடிவந்த வாரம் அவளுக்கு ஒரு ஜோடி ஷட்டில் பேட் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை வைத்துச் சுவரோடு விளையாடுவாள். இன்னொன்றின் கைப்பிடியில் கடையிலிருந்து வந்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது. போன தீபாவளிக்குப் பிறகு அவள் கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டாள். அதைக் கவனிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த முறையும் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அவள் யாரோடும் பேசாத பெண்ணாகவே வளர்ந்துவிடுவாள் என்று பயந்தேன்.

செந்திலுக்கு இப்படிப்பட்ட பயமெல்லாம் கிடையாது. அவரிடம் எக்ஸெல் இருக்கிறது. பள்ளி தூரம், ஆஸ்பத்திரி தூரம், தண்ணீர், வாடகை, பூங்கா என்று பத்துக் கட்டம், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். கூடவே ஒரு ராஜதந்திரமும் வைத்திருந்தார். "ஆடியில எவனும் குடி போக மாட்டான், மாலதி. வீடெல்லாம் காலியா கெடக்கும். பேரம் நம்ம கையில" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வெள்ளி காலை 5.10க்குக் காரில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல் வழி. நாமக்கல்லில் டிபன், மூன்று பேருக்கு 290 ரூபாய். முசிறி தாண்டியதும் காவிரி கூடவே வந்தது, கரை தொட்டுக்கொண்டு. 11.20க்குத் திருச்சி. மீட்டரில் 312 கிலோமீட்டர். மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு லாட்ஜில் நாள் வாடகை 1,450க்கு அறை எடுத்தோம். காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பேசினோம். ஊர் தெரியாதவர் காரை எடுத்தால் ரோட்டைத்தான் பார்ப்பார், தெருவைப் பார்க்க மாட்டார்.

ஆட்டோக்காரர் பெயர் சாதிக். பாலக்கரைக்காரர், ஐம்பது வயதிருக்கும், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெள்ளி மதியம் தொழுகை முடித்து இரண்டரைக்கு வந்தார். அன்றைக்கு 800, சனிக்கிழமை முழுநாளுக்கு 1,300 என்று பேசிக்கொண்டோம்.

முதலில் தில்லைநகர், லாட்ஜிலிருந்து நான்கு கிலோமீட்டர். குறுக்குத் தெருக்களுக்கு நம்பர் போட்டிருப்பதால் வழி தவற முடியாது. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, துணிக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். இரண்டு படுக்கையறை 19,000 சொன்னார்கள். நான்கரைக்கு யூனிஃபார்ம் பிள்ளைகள் வந்தார்கள், ஐந்து மணிக்கு அதே பிள்ளைகள் வேறு பையோடு டியூஷனுக்குப் போனார்கள். வீட்டுக்காரரிடம் செந்தில் பேரத்தை ஆரம்பித்தார். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "ஆவணி பொறக்கட்டும், அப்ப பேசிக்கலாம்" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார். ராஜதந்திரத்துக்கு முதல் அடி.

ஐந்தரைக்கு கே.கே.நகர். லாட்ஜிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஏர்போர்ட் பக்கம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அகலமான தெரு, வேப்பமரம், நல்ல தண்ணீர், பூங்கா. வாடகை 16,500, அட்வான்ஸ் ஒரு லட்சம். வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சாந்தமான மனிதர். எக்ஸெல்லில் 86. பூங்காவில் பிள்ளைகள் ஹெல்மெட், முழங்கால் உறையெல்லாம் மாட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் விசிலடிக்க வரிசை நகர்ந்தது. கயல் ஓசூரிலிருந்து எடுத்துவந்த பேட் பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கும்மா" என்றாள்.

அங்கேயே முடித்துவிட நினைத்தோம். செந்தில் போனை எடுத்து அட்வான்ஸ் அனுப்பக் கணக்கு நம்பர் கேட்டார். பெரியவர் கையை ஆட்டிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஆடியில நான் அட்வான்ஸ் வாங்கறதில்ல. ஞாயித்துக்கெழம பதினெட்டாம் பெருக்கு. அன்னைக்கி மட்டும் எதுவும் குத்தமில்ல. காலைல வாங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன்."

காலி வீடு கிடைக்கும் மாதத்தில் வாங்கும் கை கிடைக்காது என்பது, தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. பதினெட்டு அந்த ஞாயிறு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். சனிக்கிழமை சும்மாதானே இருக்கப் போகிறோம், மீதி இரண்டு இடத்தையும் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

சனி காலை 7.30க்கு ஸ்ரீரங்கம், ஒன்பது கிலோமீட்டர். பாலத்தில் பாய் ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். "பாத்துக்கங்கம்மா, வருஷம் பூரா இப்பிடி இருக்காது" என்றார். இரண்டு கரையும் முட்டத் தண்ணீர். உத்திர வீதியில் மாடி வீடு, 13,000, துடைத்து வைத்த மாதிரி சுத்தம். கீழ்வீட்டு மாமி, அறுபது இருக்கும், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பெருமாள் புறப்பாடு ஆனா இந்த வீதியாத்தான் எழுந்தருளுவார். மாடியிலேர்ந்தே சேவிக்கலாம்" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்: "ஆத்துல என்ன சாப்பிடுவேள்?"

வாரம் இரண்டு நாள் மீன் என்றேன். பொய் சொல்லிக் குடிபோய், குழம்பு கொதிக்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ என்னால் ஆகாது.

"அப்போ சரிப்படாதும்மா. கோச்சுக்காதேள். தீர்த்தம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் புரோக்கரை விட்டுச் சொல்லாமல் நேரில் சொன்னாரே, அது ஒரு மரியாதை. உங்கள் வீட்டில் அசைவம் உண்டென்றால் கோவிலைச் சுற்றிய வீதிகளில் அதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். மேலூர் ரோடு பக்கமும் திருவானைக்காவலிலும் இந்தக் கேள்வி அவ்வளவாக வருவதில்லை என்று பாய் சொன்னார்.

மதியம் சாப்பிட்டதும் அறைக்குப் போகலாம் என்றார் செந்தில். பாய்தான் விடவில்லை. "எடமலைப்பட்டி புதூர்ல ஒரு மாடி காலியா இருக்கு. பாக்கறதுக்கு என்ன காசா?" என்றார். மதுரை ரோட்டுப் பக்கம், லாட்ஜிலிருந்து நான்கு கிலோமீட்டர். பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு அந்தப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

நாலரைக்குப் போனோம். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு. போர் தண்ணீர் உப்பு, மாநகராட்சித் தண்ணீர் காலையில் ஒரு வேளை. படி செங்குத்து. வாடகை 11,000, அட்வான்ஸ் ஐம்பதாயிரம். வீட்டுக்காரர் பரிமளம் அக்கா கீழ்வீட்டில் இருக்கிறார், பிறந்த ஊர் மண்ணச்சநல்லூர். "அரிசிக்கு மட்டும் கடைக்குப் போகாதீங்க, எங்க ஊரு மில்லுலேருந்து மூட்டையா வந்துரும்" என்று, வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே அரிசியைப் பற்றிச் சொன்னார். செந்தில் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "அறுபத்தொண்ணு" என்று என் காதில் சொன்னார். நானும் அதோடு சமையலறை அலமாரிகளைத் திறந்து மூடுவதில் அக்கறை காட்டவில்லை.

ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஷட்டில் காக் எம்மாத்திரம். கயல் பால்கனியில் நின்றிருந்தபோது கீழே தெருவிலிருந்து ஒன்று எழும்பி வந்து அவள் காலடியில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே நாலைந்து பிள்ளைகள்.

"ஏ, அத எடுத்துப் போடு" என்றாள் ஒருத்தி. அடுத்த வீட்டு ரிஸ்வானா, கயல் வயதுதான். அவள் கையில் பேட் இல்லை, பரீட்சை அட்டை இருந்தது. மேலே கிளிப்போடு. அதை வைத்துத்தான் அவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கயல் அதை எடுத்தாள். போடவில்லை. "அட்டையிலயா ஆடுற?" என்று கேட்டாள்.

"பேட்டு நரம்பு அந்துருச்சு. நீ இந்த வீட்டுக்கு வரப்போறியா? எத்தனாவது?"

"அஞ்சாவது."

"நானும்தான். எறங்கி வா."

என் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் செங்குத்துப் படியில் இறங்கிப் போனாள், பேட் பையோடு. நாங்கள் பரிமளம் அக்காவின் காபியைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காற்று ஷட்டிலை எதிர்வீட்டுத் தகரத்தில் இரண்டு முறை போட்டது. தெருவே சிரித்தது. கிளம்பும்போது, கே.கே.நகர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று அக்காவிடம் நாசூக்காகச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், "யோசிச்சுச் சொல்றோம்க்கா" என்று வந்துவிட்டேன். கயல் ஆட்டோவில் வாய் மூடவில்லை. பிள்ளைகள் அப்படித்தான், அரை மணி சந்தோஷம் என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லாட்ஜில் பெட்டி கட்டினேன். பேட் பை எடை குறைந்திருந்தது. உள்ளே ஒரு பேட்தான்.

"இன்னொண்ணு எங்கடி? அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா? ரெண்டு வருஷமா பத்திரமா இருந்ததைத் தொலைச்சுட்டு நிக்கறே" என்று பொரிந்தேன்.

"தொலைக்கலம்மா. ரிஸ்வானாகிட்ட குடுத்தேன்."

"குடுத்தியா?"

"அவகிட்ட பேட் இல்ல. நாம வர்ற வரைக்கும் வச்சிருப்பா."

"நாம கே.கே.நகருக்குல்ல போறோம்?" என்றார் செந்தில்.

கயல் கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். "அதுவும் நல்லாருக்குப்பா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓசூர் வீட்டு நீச்சல் குளத்தை முதலில் காட்டியபோதும் இதே பெண் இதே குரலில் "நல்லாருக்கும்மா" என்றுதான் சொன்னாள். இரண்டு வருடம் அந்த வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். செந்தில் லேப்டாப்பை மூடிவிட்டு, கே.கே.நகர்ப் பெரியவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல தம்பி, எங்க இருந்தாலும் நல்லா இருங்க" என்றாராம். நல்ல மனிதர்.

காரிலேயே எடமலைப்பட்டி புதூர் போனோம், 8.15. பரிமளம் அக்கா காவிரிக்குப் போய்வந்த ஈரத் தலையோடு எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவருக்குத்தான் ஆச்சரியம்.

"அதான் முடிஞ்சிருச்சே. நேத்து நீங்க போனதும் ஒரு பார்ட்டி வந்துச்சு, பன்னெண்டாயிரம் தரேன்னாங்க. வீடு குடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"நாங்க எதுவும் சொல்லலையேக்கா. அட்வான்ஸும் குடுக்கல."

"பாப்பா பேட்ட வச்சிட்டுப் போயிருக்கே" என்றார், கரண்டியை வைத்துவிட்டு. "ஆடியில பணந்தாங்க வாங்கக் கூடாது."

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து ஐம்பதாயிரத்தையும் அன்றைக்கு வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு எச்சரிக்கை: "ஆவணியில வந்து பால் காச்சிட்டுப் போயிருங்க. செப்டம்பர் கடைசின்னா பொரட்டாசி வந்துரும், அப்பறம் அதுவும் ஆகாதும்பாங்க. சாமான் எப்ப வேணா வரட்டும்." எக்ஸெல்லில் இந்தக் கட்டம் இல்லை. வெளியே ரிஸ்வானா வந்துவிட்டாள். அவள் கையிலிருந்த பேட்டின் பாலிதீன் உறையைப் பிரித்திருந்தார்கள்.

உங்களுக்குச் சில குறிப்புகள். ஆடியில் வீடு பாருங்கள், நிறையக் காலி இருக்கும், ஆனால் பதினெட்டாம் பெருக்கை ஒட்டிப் போங்கள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு தடவை, மாலை நாலரை முதல் ஆறு வரை ஒரு தடவை, ஒரே தெருவுக்கு இரண்டு முறை போங்கள். உப்புத் தண்ணீருக்கு ஃபில்டர் செலவு சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது பதினாலாயிரம் ஆகும் போலிருக்கிறது. காய்கறிக்கு வாரம் ஒருமுறை காந்தி மார்க்கெட் போனால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார் பாய். பெட்ரோல், அறை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று நாளைக்கு எங்களுக்கு 12,400 ஆயிற்று.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் விளையாடும் சாமான் எதுவானாலும் அதில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.