கூழைக் கரைத்த பொடியும் என் கணையமும்

கணையம் என்று ஒரு உறுப்பு இருப்பதே நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. கெட்டுப்போன பிறகுதான் அறிமுகமானது. அப்புறம் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதன் பெயர் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் கெட்டுப்போனது என்னுடையது மட்டும்தான் என்பதை அவர்களுக்குப் புரியவைக்கத்தான் என்னால் முடியவில்லை.

புதுச்சேரி டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். கணையத்தில் கல் கல்லாகப் படிந்துவிட்டது. சாப்பாட்டைக் கரைக்கிற சாறு ஊறுவது அநேகமாக நின்றுவிட்டது. முக்கியமாக எண்ணெய், கொழுப்பு எதையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, சாப்பிட்டது அப்படியே வெளியே போய்விடும். அதற்காகத்தான் அந்தச் சாற்றையே காப்ஸ்யூலாகத் தருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் முதல் வாய்ச் சோற்றோடு விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது, உடைத்தால் வாய் புண்ணாகிவிடும். "ஆயுசுக்கும்மா" என்றார். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, "கேஸ் மாத்திரைதானே, அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் வைத்தியம் பொதுச் சொத்தாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் கேஸ் இல்லாத ஆளே கிடையாது. சிலருக்கு அது வியாதி, சிலருக்குப் பொழுதுபோக்கு. டப்பா சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அதுவும் தொட்டுக்கொள்ளும் சாமான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டு வந்தால் என் வீட்டுக்காரருக்கு ஒன்று. பலாப்பழம் தின்றவர்களுக்கு ஒன்று. பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சித்தப்பா காபி குடித்துவிட்டு, "அந்த மாத்திரை ஒண்ணு இருக்குமாமே" என்று கேட்டார். எங்கே கேள்விப்பட்டாரோ.

எல்லோரையும் மிஞ்சினவர் கிளியனூரில் இருக்கும் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. மணிலாக்கொட்டை விவசாயம், நல்ல வசதி, இடி மாதிரி ஏப்பம். செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டார். அந்த நாட்களில் முட்டை வேகவைத்த பாத்திரத்தைக்கூடத் தனியாக வைக்கச் சொல்வார். வரும்போதெல்லாம் என் டப்பாவிலிருந்து இரண்டு போட்டுக்கொண்டு, போகும்போது நாலு முந்தானையில் முடிந்துகொள்வார். "உன் மாத்திரை போட்டாதாம்மா எனக்கு வயிறே லேசாகுது" என்பார். எனக்கு டப்பாதான் லேசாகும்.

கூனிமேட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பாய்தான் எனக்கு இந்த மருந்தை வரவழைத்துத் தருகிறவர். மாசத்துக்கு வாங்குவது பாதியிலேயே தீர்ந்து நான் போய் நிற்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டார். "இன்னாக்கா, டோஸ் ஏத்திட்டாங்களா?"

"இல்ல பாய். எங்க வீட்ல எல்லாருக்கும் கணையம் கெட்டுப்போச்சாம்."

அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இது பன்னியோட கணையத்துலருந்து எடுக்கறது. எங்காளுங்க வந்தா மொதல்லயே சொல்லிடுவேன். வேற வழி இல்லாதப்ப மருந்தா எடுத்துக்கலாம்னு பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லியிருக்காரு, தேவையானவங்க வாங்கிட்டுப் போறாங்க. பிரியாணி செரிக்கலன்னு வந்து கேட்டா நான் குடுக்கவே மாட்டேன்."

அன்று நான் வீடு திரும்பிய வேகத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்கூட என்னை முந்தியிருக்காது. நாத்தனாருக்கு நானே போன் போட்டேன். ரொம்ப வருத்தமாகச் சொல்வதுபோல் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, "எத்தினி வெள்ளிக்கெழமை" என்று மட்டும் கேட்டது. அதற்கப்புறம் குழாயடியில் வாய் கொப்பளிக்கும் சத்தம். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு மாத்திரை இல்லாமலே செரித்திருக்கும் போலிருந்தது.

நிம்மதி கொஞ்ச நாள்தான். அடுத்த முறை நாத்தனார் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆரோவில் போகிற வழியில் ஏதோ ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்ததாம், டீ பிஸ்கட் கொடுத்து, ஆள் சேர்த்து விற்கிற வியாபாரத்தில் இவரையும் சேர்த்துக்கொண்டார்களாம். பெட்டி முழுக்கச் செரிமான என்சைம் பொடி. பப்பாளி, அன்னாசி, என்னமோ ஒரு காளான் வகை. "சுத்த சைவம். இயற்கை. சைடு எஃபெக்டே கெடையாது" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். எங்கள் கொல்லையில் பப்பாளி பழுத்துக் கீழே விழுந்து கோழி கொத்திக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். "அது பழம், இது பவரு" என்றார்.

நான் மசியவில்லை. என் வீட்டுக்காரரும்தான். உப்பளக்காரருக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும். பாத்தித் தண்ணீரில் விரலைத் தேய்த்துப் பார்த்து, இதில் நாளைக்கு உப்பு பூக்கும், இதில் பூக்காது என்று சொல்கிற ஆள். வார்த்தைக்கெல்லாம் மயங்கமாட்டார். அக்காவிடம், "பாக்கலாங்க்கா" என்று சொல்லிப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டார்.

ஆடி மாசம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி அண்டாவில் ஆறவிடுவோம். ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். காலையில் மோரும் வெங்காயமும் போட்டுக் கலக்கினால் கரண்டி நிற்கிற மாதிரி இருக்கும். திருவிழாவுக்கு வந்த நாத்தனார், ஊர் முழுக்கக் கூழ் குடித்துவிட்டு வயிறு உப்பி அவதிப்படுமே என்று அக்கறைப்பட்டு, வெதுவெதுப்பாக இருந்த அண்டாவில் பொடியைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டிக் கிளறியிருக்கிறார். புண்ணியத்துக்குப் புண்ணியம், விளம்பரத்துக்கு விளம்பரம்.

காலையில் அண்டாவைத் திறந்தால் கூழைக் காணோம். செம்மண் குட்டை மாதிரி தண்ணீர்தான் தளும்பிக்கொண்டிருந்தது. பூசாரி கரண்டியை விட்டுத் துழாவினார், அடியில் தட்டியது. தீட்டு யாரால் வந்தது என்று தெருவில் அரை நாள் விசாரணை நடந்தது. பாவம், சொம்போடு வந்த ஜனங்கள் அம்மனுக்குப் பயந்து அதையும் வாங்கிக் குடித்தார்கள். நாத்தனார் கோயிலில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்.

"தம்பி, பாத்தியா? ஒரு அண்டா கூழு. ஒரே ராத்திரியில தண்ணியாக்கிடுச்சி. உன் பொண்டாட்டி சாப்புடற ஒரு தட்டு சோறு இதுக்கு எம்மாத்திரம்?"

வெட்கப்பட வேண்டிய காரியத்தை அத்தாட்சியாக்கத் தெரிந்தவரை என்ன செய்ய முடியும். என் வீட்டுக்காரர் அண்டாவைக் கண்ணால் பார்த்துவிட்டார். முடிந்தது கதை. அடுத்த முறை காப்ஸ்யூல் தீர்ந்தபோது அவர் என்னைக் கூனிமேட்டுக்குப் போகவிடவில்லை. பரணிலிருந்து பெட்டி இறங்கியது. "வேல செய்யிதுன்னு தெரிஞ்சிடிச்சி. பன்னி சமாச்சாரத்த ஏன் துன்னுக்கினு இருக்கணும்?" என்றார். சண்டை போட்டேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "டாக்டரு கூழு பாத்தாங்களா?" என்று கேட்டார். இதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பொடியை மோரில் கலக்கி மூன்று வேளையும் குடித்தேன். சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். எல்லாம் வழியனுப்பி வைத்தது மாதிரி போனது. கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் என் உடம்பு உண்மை சொன்ன ஒரே இடம் அதுதான். ஜாக்கெட் தொளதொளத்தது. வளையல் முழங்கைக்கு ஏறி இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. தினம் ராத்திரி விலா எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுப்பேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "இன்னாம்மா, சூப்பரா எளச்சிட்ட, இன்னா பண்ற?" நாத்தனார் அத்தோடு விடவில்லை. என்னைச் சுவரோரம் நிற்கவைத்து செல்லில் ஒரு போட்டோ எடுத்தார். பழைய கல்யாண வீடியோவில் நான் கன்னம் உப்ப லட்டு தின்னும் படத்தைத் தேடிப் பிடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே, "எங்க தம்பி பொண்டாட்டி. டயட் இல்லை. வாக்கிங் இல்லை." இரண்டும் உண்மைதான். கணையமும் இல்லை என்பதைச் சேர்க்க மறந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தே நிறையப் பேர் சேர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

ஒருநாள் உப்பளத்துக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். வரப்பில் நடக்கும்போதே கால் துவண்டது. கொட்டகையில் உப்பு மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் மூட்டைக்குக் கோணி தைத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்துரு, மூட்ட ஏத்தணும்."

"என்னைய நிறுத்துப் பாருங்க" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கோபம்தான்.

தராசில் ஐம்பது கிலோ மூட்டைக்குக் குண்டு வைத்தபடி இருந்தது. கம்பி எழும்பவில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஆட்டிப் பார்த்தார். என்னை இறக்கிவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார். கம்பி டக்கென்று எழும்பியது. மூட்டையை இறக்கினார். "ஏறு" என்றார். ஏறினேன். ஐம்பது கிலோவுக்குக்கூட எழும்பாமல் கம்பி படுத்தே கிடந்தது. வாழ்நாள் பூராவும் அந்தத் தராசோடு பழகின மனுஷன், டாக்டரம்மாவை நம்பாதவர், என்னை நம்பாதவர், அதை நம்பினார். தைத்துக்கொண்டிருந்த கோணியை அப்படியே போட்டுவிட்டு, சட்டைகூட மாற்றாமல் என்னைப் பைக்கில் ஏற்றினார். புதுச்சேரி வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் கையைப் பின்னால் விட்டு நான் இருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். அவ்வளவும் கேட்டுக்கொண்டு, "இல்லீங்க மேடம், கூழு தண்ணியாச்சே, கண்ணால பாத்தேனே" என்றார் இவர்.

"ஆகும். கூழு வெறும் மாவு. அண்டாவுல ஆசிட் இல்ல, உங்க வீட்டம்மா வயித்துல இருக்குது. உங்க பொடி அதுல பெரும்பாலும் செத்துடும். தப்பிச்சாலும் அது மாவைக் கரைக்கும், இவங்களுக்குக் கரைய வேண்டியது கொழுப்பு. இந்தக் காப்ஸ்யூலுக்குள்ள இருக்கற மணிக்கு மேல பூச்சு இருக்குது, வயித்தைத் தாண்டி குடலுக்குப் போயிதான் கரையும். அளவும் தெரியும். டப்பால என்ன எழுதியிருக்கோ அது உள்ள இருக்குதான்னு மருந்தைச் சோதிக்கிற அளவுக்கு உங்க பொடிய யாரும் சோதிக்கிறதில்ல."

"அப்ப எங்களுக்கெல்லாம் அது நல்லதா மேடம்? கேஸுக்கு?"

"உங்க கணையம் நல்லா இருக்குது. அது பாட்டுக்கு ஊறிக்கிட்டு இருக்குது. மேல மேல போட்டு என்ன பண்ணப் போறீங்க? வயித்து வலி விடாம இருந்தா வந்து காட்டுங்க. எதையாவது முழுங்கி மூடி வைக்காதீங்க."

பழைய காப்ஸ்யூலுக்குத் திரும்பினேன். டப்பா பீரோவுக்குள் போனது, சாவி என் இடுப்பில். மாசங்கள் போகப் போக வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. கன்னம் வந்தது. சோறு தின்றால் தெம்பு வருகிறது என்பதை நாற்பது சொச்சம் வயதில் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி எனக்குச் சந்தோஷம்.

நாத்தனாருக்குத்தான் இடி. பேத்திக்குக் காதுகுத்து வைத்தபோது எனக்குத் தனியாகப் போன் செய்தார். "தம்பிய மட்டும் அனுப்பும்மா. நீ அப்பறம் ஒரு நாள் வா. எங்க குரூப்பு ஆளுங்கல்லாம் வர்றாங்க. உன்ன இப்டி ஊதிப்போயி பாத்தாங்கன்னா என் பேரு கெட்டுடும்."

நான் செத்துப்போயிருந்தால் பேர் கெட்டிருக்காது போல. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது.

போனேன். இருக்கிறதிலேயே பளிச்சென்ற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் பக்கத்தில், முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். நாத்தனார் கூட்டுப் பாத்திரத்தோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் எதிர் வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு அடுத்த இலைக்காரப் பெண் என்னைப் பார்ப்பதும் செல்லைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"அக்கா, குரூப்புல இருக்கற போட்டோ நீங்கதானே? அத பாத்துதான் நானும் சேந்தேன். அதுல எவ்ளோ அழகா எளச்சிருந்தீங்க. இப்ப ஏன்க்கா இப்டி விட்டுட்டீங்க?"

அவள் செல்லை வாங்கிப் பார்த்தேன். கண் குழி விழுந்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, எவளோ ஒருத்தி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கச் சொல்லியிருப்பார்கள், சிரித்திருந்தாள்.

"இவ மூணு வேளையும் சாப்ட்டு சாப்ட்டே பட்டினியில செத்துக்கினு இருந்தவம்மா. நல்லா பாரு" என்று செல்லை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சோற்று வாளிக்காரரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.