ஸ்க்ரூடிரைவர் சொன்ன பொய்

மெக்கானிக் தன் காதைவிட நம்பியது ஸ்க்ரூடிரைவரை. ஓடுகிற எஞ்சினில் நுனியை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால், எந்த பேரிங் முனகுகிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் வலது காதில் சீழ் வடிந்தபோதும் மனுஷன் அசையவில்லை. "எஞ்சினே கேக்குது, எனக்கென்ன கோளாறு? நீதான் வாய்க்குள்ளயே பேசுற" என்று பெண்டாட்டி மேல் பழியைப் போட்டார். இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான் இந்த வீம்பு.

செவிடன் காதில் ஊதிய சங்காகச் சொல்லிப் பார்த்து அலுத்தவள், கத்தப் பழகிக்கொண்டாள். அவர்கள் வீட்டு ரகசியம் தெருமுனை சலூன் வரைக்கும் தெரியும்.

கடைசியில் அவள் இழுத்துக்கொண்டு போன காது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: "சத்தம் எலும்பு வழியா நேரா உள்காதுக்குப் போகுது. அதான் எஞ்சின் கேக்குது. ஆள் பேசுறது கேக்கணும்னா காது ஜவ்வு வேணும். இவருக்கு ஜவ்வு ஓட்டை, சீழ் எலும்பையும் அரிக்குது. விட்டா மொத்தமும் போயிடும்."

அதை அவள் அவர் காதில் கத்தி ஒப்பித்தாள்.

"ஆபரேஷன் பண்ணா கேக்குமா?" என்றார் அவர்.

"வாய்ப்பு அதிகம். ஆனா உறுதி தர முடியாது."

அதையும் அவள் அவருக்குக் கத்திச் சொன்னாள். இருப்பதும் போய்விட்டால்?

காதுக்குப் பின்னால் கீறி, அரித்ததைச் சுரண்டி, அங்கேயே சதைமேலிருந்த மெல்லிய தோலை எடுத்து ஓட்டையை மூடினார்கள். "பஞ்சர் ஒட்டுற வேலைதானே" என்று மயக்க ஊசிக்கு முன் சிரித்தார்.

காதில் அடைத்த பஞ்சோடு வீடு திரும்பினார். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயை மூடக்கூடாது. காற்று முட்டினால் ஒட்டு பிய்ந்துவிடும். ஒருநாள் மிளகாய் நெடியில் தும்மல் வந்தேவிட்டது. பழக்கதோஷம், வாயைப் பொத்தினார். காதுக்குள் ஏதோ பொட்டென்றது. அடுப்படியில் நின்றவள் ஓடிவந்து பஞ்சைப் பார்த்தாள்; ஒட்டு பிய்ந்ததா என்று தெரியவில்லை.

பஞ்சை எடுக்கிற அன்று டாக்டரம்மா காது சோதிக்கும் கவைக்கம்பியைத் தட்டி அதிரவைத்து, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்டது. அந்தப் பழைய பொய்யை நம்ப அவர் தயாராக இல்லை. பிறகு டாக்டரம்மா கம்பியைக் காதுக்கு எதிரே காற்றில் பிடித்தார். மெல்லிய ரீங்காரம். கம்பியா, தன் பயமா? அவரால் சொல்ல முடியவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவளிடம், "மெதுவா ஏதாவது பேசுங்க" என்றார் டாக்டரம்மா.

கத்தியே பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வரவில்லை. முந்தானையை வாயில் வைத்து விசும்பினாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அழாத" என்றார்.